கடைசி வரிசைக்கும் தெரியும் தமிழ் ஸ்லைடு

வாசகர் கேள்வி: திருவாரூர் மாவட்டத்தில் வேளாண்மை அலுவலராகப் பணியாற்றுகிறேன். திருந்திய நெல் சாகுபடி குறித்து விவசாயிகளுக்குப் பயிற்சி நடத்துவதற்காக 34 ஸ்லைடுகள் கொண்ட பவர்பாயிண்ட் கோப்பு ஒன்றைத் தயாரித்திருந்தேன். என் மடிக்கணினியில் சரியாக இருந்த கோப்பைப் பயிற்சிக் கூடத்துக் கணினியில் திறந்தபோது, சில ஸ்லைடுகளில் தமிழ் மறைந்து ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரிந்தன. வேறு சிலவற்றில் எழுத்து சரியாக இருந்தும் வரிகள் நகர்ந்து, கடைசி வரி பெட்டிக்கு வெளியே போய்விட்டது. பின்வரிசையில் இருந்தவர்கள் எழுத்தே தெரியவில்லை என்றார்கள். எந்த எழுத்துரு, எந்த அளவு, எந்த நிறம் வைக்க வேண்டும்? மேலதிகாரிகளோ எதையும் விடாமல் சேர்க்கச் சொல்கிறார்கள். சம்பா பருவத்துக்கு முன்பாக அடுத்த பயிற்சி இருக்கிறது. கோப்பை இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள அம்மையீர்,

நீங்கள் அனுப்பிய கோப்பை இரண்டு கணினிகளில் திறந்து பார்த்தேன். ஒன்று நான் அன்றாடம் வேலை செய்யும் கணினி; அதில் இருபது ஆண்டுகளாகச் சேர்ந்த தமிழ் எழுத்துருக்கள் எல்லாம் கிடக்கின்றன. மற்றொன்று, புதிதாக விண்டோஸ் நிறுவி, தமிழுக்கென்று எதையும் சேர்க்காமல் வைத்திருக்கும் மடிக்கணினி. முதலாவதில் உங்கள் கோப்பு நீங்கள் அமைத்தபடியே இருந்தது. இரண்டாவதில் பயிற்சிக் கூடத்தில் நேர்ந்தது அப்படியே நேர்ந்தது. ஆகவே கூடத்துக் கணினியின் மேல் பழி இல்லை. நீங்கள் ஒரே கோளாறாக எழுதியிருப்பவை உண்மையில் இரண்டு வெவ்வேறு கோளாறுகள், அவற்றுக்கான மருந்தும் வெவ்வேறு. அவற்றை முதலில் முடித்துவிட்டு அளவுக்கும் நிறத்துக்கும் வருகிறேன். இடையில், நீங்கள் கேட்காத ஒன்றைப் பற்றியும் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. உங்கள் பத்தொன்பதாவது ஸ்லைடில் கண்ட ஒரு வரி என்னை உண்மையிலேயே அச்சுறுத்திவிட்டது.

ஆங்கில எழுத்துகளாகவும் குறிகளாகவும் மாறியவை முதல் பதினொரு ஸ்லைடுகள். அவை வேறு யாரோ பல ஆண்டுகளுக்கு முன் தட்டச்சு செய்து வைத்திருந்த கோப்பிலிருந்து எடுக்கப்பட்டவை என்பது பார்த்தவுடனே தெரிகிறது. வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள், கணினி ஆங்கில எழுத்தாகக் கருதும் இடங்களில் தமிழ் உருவங்களைப் பொருத்தி வைத்திருந்தன. கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துதான். அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் அது தமிழ் வேடம் போட்டுக்கொள்கிறது, இல்லாத கணினியில் வேடம் கலைந்துவிடுகிறது. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான எழுத்துக் குறியீடாகிய யூனிகோடு என்னும் ஒருங்குறியில் தமிழுக்கென்று தனி இடம் 1991ஆம் ஆண்டு முதலே இருக்கிறது. தமிழ்நாடு அரசும் 2010ஆம் ஆண்டில் அதைத் தரமாக ஏற்றுக்கொண்டது. ஆனாலும் அலுவலகங்களில் பழைய கோப்புகளிலிருந்து வெட்டி ஒட்டும் வழக்கம் தொடர்வதால், இந்த வியாதி இன்னும் பல காலம் நம்முடன் இருக்கும் என்றே நினைக்கிறேன். அந்தப் பதினொரு ஸ்லைடுகளின் வாசகத்தை என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவசக் கருவி ஒன்றில் இட்டு யூனிகோடாக மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகு ஒருமுறை வரிவரியாகப் படித்துப் பார்ப்பது கட்டாயம். இடையில் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டிருந்த மருந்துப் பெயர்களைக் கருவி தமிழ் என்று எண்ணி மாற்றிவிடும். அடைப்புக்குறிகளும் மேற்கோள்குறிகளும் வேறு எழுத்தாகிவிடும். மருந்தின் பெயரும் அளவும் இருக்கும் வரிகளை மாற்றாமல், புதிதாகத் தட்டச்சு செய்வதே பாதுகாப்பானது.

இரண்டாவது கோளாறு உங்கள் சொந்த ஸ்லைடுகளில் இருக்கிறது. அவை யூனிகோடில்தான் உள்ளன. ஆகவே எழுத்து அழியவில்லை. ஆனால் அவற்றுக்கு உரிய எழுத்துரு அந்தக் கணினியில் இல்லாததால், கணினி தன்னிடம் இருந்த வேறொரு தமிழ் எழுத்துருவைக் கொண்டு நிரப்பிவிட்டது. இரண்டின் அகலமும் ஒன்றல்ல என்பதால், நான்கு வரியாக இருந்தது ஐந்து வரியாகி, ஐந்தாவது வரி பெட்டியைத் தாண்டிவிட்டது. இதில் ஒரு விசித்திரத்தைக் கவனியுங்கள். ஆபீஸ் தொகுப்பின் இயல்பான தீமில், அதாவது எழுத்துருவும் நிறமும் முன்கூட்டியே வகுக்கப்பட்ட வடிவமைப்பில், தமிழ் வந்தால் லதா எழுத்துருவைப் பயன்படுத்து என்ற குறிப்பு உள்ளுக்குள் எழுதப்பட்டிருக்கிறது. விண்டோஸ் 10 வந்த பிறகு, அந்த லதா எல்லாக் கணினியிலும் தானாக இருப்பதில்லை. தமிழ்க் கூடுதல் எழுத்துருக்கள் என்ற விருப்பத் தொகுப்பில் அது தனியே வைக்கப்பட்டுவிட்டது. நீங்கள் எழுத்துருவைப் பற்றி எதுவுமே முடிவு செய்யாமல் தட்டச்சு செய்தாலும், உங்களுக்குத் தெரியாமலே ஒரு முடிவு எடுக்கப்பட்டிருக்கிறது. அது பிறர் கணினியில் செல்லாமல் போகலாம்.

எனவே எழுத்துருவை நீங்களே தேர்ந்தெடுத்து, எல்லா ஸ்லைடுகளுக்கும் பொதுவான அச்சாகிய ஸ்லைடு மாஸ்டரில் ஒரே இடத்தில் அமைத்துவிடுங்கள். அரசு அலுவலகங்களிலும் பயிற்சிக் கூடங்களிலும் இருப்பவை பெரும்பாலும் விண்டோஸ் கணினிகள் என்பதால், விண்டோஸ் 8 முதல் இயல்பாகவே உடன்வரும் நிர்மலா யு.ஐ. எழுத்துருவை நான் பரிந்துரைக்கிறேன். அது அழகில் முதலிடம் பெறும் என்று சொல்லமாட்டேன். ஆனால் கோடுகள் சீரானவை, சுழிகள் திறந்தவை, தடித்த வடிவமும் தனியே உண்டு. முக்டா மலர், கேட்டமரான், நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகியவை இலவசமாகக் கிடைப்பவை, இன்னும் கவர்ச்சியானவை. அவற்றில் ஒன்றை விரும்பினால், கோப்பைச் சேமிக்கும் விருப்பங்களில் எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பொதிந்து சேமிக்கும் வசதியைத் தெரிவு செய்யுங்கள். எதைத் தேர்ந்தாலும், அதே பென் டிரைவில் பி.டி.எஃப். பிரதி ஒன்றும் இருக்கட்டும். பி.டி.எஃபில் அசைவும் காணொளியும் போய்விடும், எழுத்து மட்டும் போகாது.

இனி அளவு. எத்தனை பாயிண்ட் என்று கேட்கிறீர்கள். அந்த எண்ணுக்குத் தனியாகப் பொருள் இல்லை. பவர்பாயிண்டின் இயல்பான ஸ்லைடு 7.5 அங்குல உயரம் கொண்டது. அங்குலத்துக்கு 72 பாயிண்ட் என்பதால் மொத்த உயரம் 540 பாயிண்ட். கூகுள் ஸ்லைட்ஸின் இயல்பான ஸ்லைடோ 5.625 அங்குலம்தான், அதாவது 405 பாயிண்ட். அங்கே 21 பாயிண்டில் எழுதியதும் இங்கே 28 பாயிண்டில் எழுதியதும் திரையில் ஒரே உயரத்தில்தான் விழும். ஆகவே "24 பாயிண்டுக்குக் குறையக் கூடாது" என்று யாராவது சொன்னால், எதில் என்று கேளுங்கள். உங்களுக்குத் தேவையான சோதனை வேறு. அதற்கு ஓர் அளவுநாடா போதும். கூடத்தில் திரையின் அகலத்தையும், திரையிலிருந்து கடைசி வரிசை இருக்கும் தூரத்தையும் அளந்துகொள்ளுங்கள். திரை 2 மீட்டர், கடைசி வரிசை 12 மீட்டர் என்றால், அந்த விவசாயி திரையின் அகலத்தைப் போல் ஆறு மடங்கு தொலைவில் அமர்ந்திருக்கிறார். உங்கள் 15.6 அங்குல மடிக்கணினித் திரையின் அகலம் சுமார் 34.5 சென்டிமீட்டர், ஆறு மடங்கு என்பது ஏறத்தாழ 2 மீட்டர் 7 சென்டிமீட்டர். ஸ்லைடை முழுத்திரையில் வைத்துவிட்டு, இரண்டு மீட்டர் பின்னால் போய் நின்று படித்துப் பாருங்கள். கண்ணில் விழும் கோணம் ஒன்றேயானதால், அங்கிருந்து உங்களால் சிரமமின்றிப் படிக்க முடிந்ததைத்தான் அவராலும் படிக்க முடியும். உங்களைவிட வயதான, கண்ணாடி அணியாத ஒருவரையும் அந்த இடத்தில் நிற்க வைத்துவிட்டால் இன்னும் நல்லது.

அந்தச் சோதனையை நான் செய்து பார்த்ததில், உங்கள் 34 ஸ்லைடுகளில் ஆறு மட்டுமே தேறின. காரணம், நீங்கள் சிறிய எழுத்தைத் தேர்ந்தெடுத்ததல்ல. பெட்டி நிரம்பினால் எழுத்தைத் தானாகவே சிறிதாக்கும் வசதி இயங்கிக்கொண்டிருந்திருக்கிறது. நீங்கள் 28 பாயிண்டில் தொடங்குகிறீர்கள். எட்டாவது வரி வந்ததும் மென்பொருள் ஓசையின்றி அதை 20 ஆக்கிவிடுகிறது, பத்தாவது வரியில் 16. ஒவ்வொரு ஸ்லைடிலும் எழுத்து ஒவ்வோர் அளவில் இருப்பதும் இதனால்தான். ஸ்லைடு மாஸ்டரில் உள்ள உரைப்பெட்டியில் அந்த வசதியை நிறுத்திவிடுங்கள். வாசகம் வழிந்தால் வழியட்டும். அது, அந்த ஸ்லைடில் இரண்டு ஸ்லைடுக்கான சரக்கு இருக்கிறது என்று உங்களுக்குக் கிடைக்கும் தகவல். எழுத்தைச் சிறிதாக்குவது அந்தத் தகவலை உங்களிடமிருந்து மறைக்கிறது. தமிழுக்கு 28 பாயிண்டுக்குக் குறையாமலும், தலைப்புக்கு 40 பாயிண்ட் அளவிலும் தொடங்குங்கள். பிறகு அளவுநாடா சொல்வதைக் கேளுங்கள்.

வரிகளுக்கு இடையிலான இடைவெளியிலும் இதே போன்ற ஒரு மறைவான முடிவு இருக்கிறது. 2013க்குப் பிந்திய ஆபீஸ் தீமில், உரையின் வரி இடைவெளி 90 சதவீதமாக வைக்கப்பட்டிருக்கிறது. ரோமன் எழுத்துக்கு அது இடைஞ்சல் தராது. தமிழில் மேலே புள்ளியும் இகரக் கொக்கியும் ஏறுகின்றன. கீழே கு, மு, ழு, டூ ஆகியவற்றின் கால்கள் இறங்குகின்றன. மேல்வரியின் "ழு" கீழ்வரியின் "ன்" மீது உராயும்போது, பின்வரிசைக்குப் புள்ளி தெரியாமல் போகிறது. புள்ளி போனால் சொல்லே போய்விடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இடைவெளியை 100 முதல் 110 சதவீதம் வரை உயர்த்தி, எழுத்துருவுக்கு ஏற்பக் கண்ணால் பார்த்து நிறுத்துங்கள். ஒரு கருத்துக்கும் அடுத்த கருத்துக்கும் இடையில், வரிகளுக்கு இடையில் உள்ளதைவிட அதிக இடம் இருக்க வேண்டும். வெற்று வரியாக என்டர் தட்டி அதை உண்டாக்காமல், பத்தி இடைவெளியாக அமையுங்கள்.

அழுத்தம் கொடுப்பதற்கு நீங்கள் சாய்வெழுத்தையும் அடிக்கோட்டையும் அதிகம் நம்பியிருக்கிறீர்கள். இரண்டையும் விட்டுவிடலாம். தமிழ் அச்சு மரபில் சாய்வெழுத்துக்கு வேர் இல்லை. கணினி நேர் எழுத்தைத் தள்ளிச் சாய்க்கிறது, அவ்வளவுதான். அடிக்கோடு, உகர ஊகார எழுத்துகளின் கால்களை வெட்டிக்கொண்டு போகிறது. தடித்த எழுத்து நல்லதே, ஆனால் அந்த எழுத்துருவில் தடித்த வடிவம் தனியே இருந்தால் மட்டும். இல்லாவிட்டால் கணினி கோட்டை ஊதிப் பெருக்கி, "ண", "ஞ", "ற" ஆகியவற்றின் உள்வெளியை அடைத்துவிடும். தலைப்பில் எழுத்துகளுக்கு இடையே இடைவெளி விட்டிருக்கிறீர்கள். கொம்பும் அதற்குரிய எழுத்தும் பிரிந்து நிற்பதால் அது படிப்பதைக் கெடுக்கிறது. இரு ஓரமும் சமமாக இருக்க வேண்டும் என்று வரிகளை இழுத்துக் கட்டுவதும் வேண்டாம். "பயன்படுத்தப்படுகின்றன" போன்ற ஒரு சொல் அடுத்த வரிக்குப் போனால், மீதமிருக்கும் மூன்று சொற்களுக்கு இடையே வாய்க்கால் வெட்டியது போலாகிவிடும். இடது ஓரம் சீராக இருந்தால் போதும்.

இப்போது அந்தப் பத்தொன்பதாவது ஸ்லைடு. நீங்கள் எழுதியிருந்த வரி இது: "பயிர் பூக்கும் பருவத்தில் காலை வேளையில் பூச்சிமருந்து தெளிக்க வேண்டாம்." என் இரண்டாவது கணினியில், வரி மடிந்து, "வேண்டாம்" என்ற சொல் மட்டும் கீழே இறங்கி, அலுவலகப் பெயர் எழுதிய பச்சைப் பட்டையின் பின்னால் மறைந்துவிட்டது. மிஞ்சியது, "பூச்சிமருந்து தெளிக்க." தேர்வுத்தாளில் "விடையளிக்க" என்பது எப்படிக் கட்டளையோ, அப்படியே "தெளிக்க" என்பதும் நம் இலக்கணத்தில் முழுமையான வியங்கோள் வினைமுற்று. ஒரு சொல் மறைந்ததால் வாக்கியம் குறைபட்டதாகக்கூடத் தோன்றவில்லை. விலக்கு, ஏவலாக மாறி நிற்கிறது. நீங்கள் வாயால் சரியாகச் சொல்லியிருப்பீர்கள். ஆனால் திரையைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போனவரிடம் இருப்பது அந்த வரிதான்.

ஸ்லைடு பற்றி நமக்குக் கிடைக்கும் அறிவுரைகள் பெரும்பாலும் ஆங்கில வாக்கியத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஆங்கிலத்தில் மறுப்பு முன்னால் வந்துவிடுகிறது. தமிழில் வினையும் மறுப்பும் கடைசியில் வருகின்றன. நீண்ட வரி மடியும்போதும், பெட்டி வழியும்போதும், முன்னே இருப்பவரின் தலை மறைக்கும்போதும் முதலில் பலியாவது தமிழ் வாக்கியத்தின் உயிர்நாடிதான். எனவே தமிழ் ஸ்லைடில் வாக்கியம் ஒரே வரியில் முடிய வேண்டும். முடியாவிட்டால் எங்கே மடிய வேண்டும் என்பதை ஷிப்ட் விசையுடன் என்டர் தட்டி நீங்களே தீர்மானிக்க வேண்டும். ஒவ்வொரு விலக்கையும் தனி ஸ்லைடாகப் பிரித்து, "பூக்கும்போது மருந்து வேண்டாம்" என்று தலைப்பிலேயே சொல்லிவிடுங்கள். காலை வேளை என்பதும் காரணமும் அதன் கீழே வரட்டும். எண்ணும் அதன் அலகும் வெவ்வேறு வரிக்குப் போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாக்கியத்தைக் குறுக்குவதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. குறிப்பாக எழுதுகிறோம் என்று வினையை வெட்டிவிட்டு "நாற்று, 14 நாள்" என்று எழுதினால், நட வேண்டிய வயதா, நாற்றங்காலுக்குத் தண்ணீர் கட்ட வேண்டிய நாளா என்று புரியாது. வெட்ட வேண்டியது அலுவலகச் சொற்களை. உங்கள் ஏழாவது ஸ்லைடில், "நாற்றங்காலிலிருந்து 14 நாட்கள் வயதுடைய இளம் நாற்றுகளைப் பறித்து நடவு செய்யப்படுதல் வேண்டும்" என்று பத்துச் சொற்கள் இருக்கின்றன. "14 நாள் நாற்றை நடவும்" என்ற நான்கு சொற்களில் விவசாயிக்குத் தேவையான எதுவும் குறையவில்லை. அலகுகளையும் கேட்பவரின் அலகுகளாக மாற்றுங்கள். எக்டருக்கு 7 முதல் 8 கிலோ விதை என்பது பல்கலைக்கழகப் பரிந்துரையின் மொழி. உங்கள் எதிரே இருப்பவர் ஏக்கரில் நினைப்பவர், அவருக்கு அது ஏறத்தாழ 3 கிலோ. 22.5 சென்டிமீட்டர் இடைவெளி என்பதை "முக்கால் அடி" என்று பெரிதாக எழுதி, சென்டிமீட்டரைச் சிறிதாகக் கீழே வைக்கலாம்.

அந்த ஏழாவது ஸ்லைடின் தலைப்பே இரண்டு வரி, கீழே ஒன்பது குறிப்புகள். அதை நான் ஐந்து ஸ்லைடுகளாகப் பிரிப்பேன்: நாற்றின் வயது, குத்துக்கு ஒரு நாற்று, சதுர நடவு, காய்ச்சலும் பாய்ச்சலுமாக (வயலைக் காயவிட்டுக் காயவிட்டு) தண்ணீர் கட்டுவது, கோனோவீடர் என்னும் களையெடுக்கும் கருவியை ஓட்டுவது. ஒவ்வொன்றிலும் தலைப்பு ஒரு முழு வாக்கியம். கீழே ஒரு படம். தேவைப்பட்டால் ஓர் எண். ஸ்லைடுகளின் எண்ணிக்கை கூடுமே என்று தயங்க வேண்டாம். ஒரே ஸ்லைடு ஏழு நிமிடம் நிற்பதைவிட, ஐந்து ஸ்லைடுகள் அதே ஏழு நிமிடத்தில் நகர்வது மேல். ஸ்லைடுக்கு ஏழு வரிதான் இருக்கலாம் என்ற விதியை உங்களுக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள் போலிருக்கிறது. ஜார்ஜ் மில்லர் என்ற உளவியலாளர் 1956ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் வரும் ஏழு என்ற எண்ணை அதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். அவர் எழுதியது, ஒருவர் உடனடி நினைவில் எத்தனை உருப்படிகளை வைத்திருக்க முடியும் என்பது பற்றி. திரையில் எதிரே எழுதியிருப்பதை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஏழு வரி தமிழ், 28 பாயிண்டில், படத்துடன், பெரும்பாலும் அடங்காது என்பதே போதுமான காரணம்.

மேலதிகாரிகள் எல்லாவற்றையும் சேர்க்கச் சொல்வதைப் பற்றிக் கொஞ்சம் வருத்தத்துடனே எழுதியிருந்தீர்கள். அவர்களுடைய கவலை நியாயமானது: எதுவும் விடுபட்டதாகப் பிறகு யாரும் கேட்கக் கூடாது. ஆனால் எல்லாம் இருக்கும் ஸ்லைடில் முக்கியமானது எங்கே போய் ஒளிந்துகொள்ளும் என்பதற்கு ஓர் உதாரணத்தை நீங்கள் அவர்களிடம் சொல்லலாம். 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்ணோடம் பூமிக்குத் திரும்பும்போது சிதறி, கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேரும் உயிரிழந்தனர். புறப்பட்டபோதே வெளித்தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு இடது இறக்கையில் மோதியது தெரிந்திருந்ததால், விண்ணோடம் சுற்றுப்பாதையில் இருந்த நாட்களிலேயே போயிங் பொறியாளர்கள் சேதத்தைக் கணித்து நாசாவுக்கு ஸ்லைடுகள் தயாரித்தார்கள். அவற்றில் ஒன்றை எட்வர்ட் டஃப்டி என்ற தகவல் வடிவமைப்பு அறிஞர் பின்னர் வரிவரியாக ஆராய்ந்தார். விபத்து விசாரணைக் குழுவின் அறிக்கையும் அந்த ஆய்வை எடுத்துக்காட்டியது. கணிப்புக்கு அடிப்படையான சோதனைகளில் பயன்பட்ட நுரைத்துண்டின் பருமன் 3 கன அங்குலம். உண்மையில் பெயர்ந்ததற்கு அந்த ஸ்லைடு தரும் பருமன் 1920 கன அங்குலம், அதாவது 640 மடங்கு. சோதனை முடிவுகளை இந்த விபத்துக்குப் பொருத்தவே முடியாது என்று காட்டும் அந்த ஒப்பீடு, அடுக்கடுக்கான உள்குறிப்புகளுக்கெல்லாம் கீழே, ஸ்லைடின் கடைசி வரியாக, சிறிய எழுத்தில் இருந்தது. தலைப்போ நம்பிக்கையூட்டும் தொனியில் இருந்தது. விபத்துக்கு ஸ்லைடு காரணம் என்று நான் சொல்லவில்லை. எல்லாம் அதில் இருந்தது, எதுவும் விடுபடவில்லை என்பதை மட்டும் சுட்டிக்காட்டுகிறேன்.

அதிகாரிகளுக்குத் தேவையான முழுமையை, கையில் கொடுக்கும் தாளில் கொடுங்கள். உர அட்டவணை, மருந்தளவு, மானிய விவரம், விண்ணப்பிக்கும் முறை ஆகியவை எட்டுப் பத்திகள் கொண்ட அட்டவணையாகத் திரையில் ஏறியதால் யாருக்கும் பயன் விளையவில்லை. திரையில், அன்று நீங்கள் பேசப்போகும் ஒரே ஒரு வரிசையை எடுத்துப் பெரிதாகக் காட்டினால் போதும். ஸ்லைடில் உள்ளதையே வரிவரியாக வாசிக்காமல் இருப்பதற்கும் இது உதவும். ஒரே வாசகத்தைக் கண்ணாலும் காதாலும் ஒரே நேரத்தில் திணிப்பது கற்றலுக்கு உதவுவதைவிட இடைஞ்சலாகவே இருக்கிறது என்று ரிச்சர்ட் மேயர் போன்ற கல்வி உளவியலாளர்கள் காட்டியிருக்கிறார்கள். நீங்கள் பேச வேண்டியதைக் குறிப்புப் பகுதியில் எழுதிக்கொள்ளுங்கள்.

நிறம் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனெனில் முடிவு எளிது. கரும்பச்சைப் பின்னணியில் சிவப்பு எழுத்தும் அதற்கு மஞ்சள் நிழலும் வைத்திருக்கிறீர்கள். புரொஜெக்டரால் கறுப்பைப் பாய்ச்ச முடியாது; ஒளி விழாத இடம்தான் அதற்குக் கறுப்பு. பகலில், காற்றுக்காகச் சன்னல்களைத் திறந்து வைத்திருக்கும் கூடத்தில், அந்த இடமும் வெளிச்சமாகவே இருப்பதால், அடர்ந்த பின்னணி சாம்பலாக வெளுத்து எழுத்தை விழுங்கிவிடுகிறது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத ஆண்களும் எந்தக் கூட்டத்திலும் ஒருசிலர் இருப்பார்கள். வெள்ளை அல்லது மெல்லிய தந்த நிறப் பின்னணி, கறுப்புக்கு நெருக்கமான எழுத்து, விலக்குகளுக்கு மட்டும் ஓர் அடர்சிவப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளிவேறுபாடு, பொதுவான எழுத்துக்கு 4.5-க்கு 1, பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 என்பது இணையப் பக்கங்களுக்கு வகுக்கப்பட்ட குறைந்தபட்ச அளவு. பகல் வெளிச்சக் கூடத்துக்கு அதைவிடத் தாராளமாக இருங்கள். மஞ்சள் நிழல் எந்த ஊரிலும் வேண்டாம்.

இட அமைப்பில் முதலில் நீக்க வேண்டியவை, மேலே மூன்று சின்னங்களுடன் இருக்கும் பட்டையும், கீழே அலுவலகப் பெயருடன் இருக்கும் பட்டையும். இரண்டும் சேர்ந்து 7.5 அங்குலத்தில் 1.8 அங்குலத்தை எடுத்துக்கொள்கின்றன. நாலில் ஒரு பங்கு நிலத்தை வரப்புக்கே விட்டது போல. சின்னங்கள் முதல் ஸ்லைடிலும் கடைசி ஸ்லைடிலும் இருந்தால் அரசுக்குக் குறைவு எதுவும் வந்துவிடாது. கீழ்ப்பட்டை போன இடத்தையும் வாசகத்தால் நிரப்பிவிடாதீர்கள். கிராமக் கூடங்களில் திரை தாழ்வாகக் கட்டப்படுவதால், ஸ்லைடின் அடிப்பகுதியில் ஐந்தில் ஒரு பங்கு முன்வரிசைத் தலைகளுக்குப் பின்னால் போய்விடும். அந்தப் பகுதியில் படத்தின் ஓரம் இருக்கலாம், எண் இருக்கக் கூடாது.

படங்களைப் பொறுத்தவரை, இணையத்தில் எடுத்தவற்றைவிட, உங்கள் வட்டார வயலில் உங்கள் கைபேசியில் எடுத்தவை பல மடங்கு மேலானவை. யாருடைய உரிமையையும் மீறாதவை. புகையான் தாக்கிய தூரைக் காட்டும்போது, பூச்சியின் அளவு தெரிய விரலையோ நாணயத்தையோ அருகில் வைத்து எடுங்கள். படத்தை இடத்துக்குத் தகுந்தபடி இழுக்காதீர்கள், வெட்டிப் பொருத்துங்கள். இருபத்திரண்டாவது ஸ்லைடில் இலைச்சுருட்டுப் புழு கம்பளிப் பூச்சி போலப் பருத்துவிட்டது. படத்தின் மேல் எழுதுவதானால், எழுத்துக்குக் கீழே வெள்ளைப் பட்டை ஒன்று அவசியம். அசைவுகளில், ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுவதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். வரிகள் சுழன்று பறந்து வரும்போது கூட்டம் விழித்துக்கொள்கிறது என்று எழுதியிருந்தீர்கள். விழித்துக்கொள்வது உண்மைதான், ஆனால் பறப்பதைப் பார்ப்பதற்கு. விவாதம் தொடங்கும்போது விசைப்பலகையில் ஆங்கில "B" எழுத்தைத் தட்டினால் திரை இருண்டு, எல்லோரும் உங்களைப் பார்ப்பார்கள். மீண்டும் தட்டினால் ஸ்லைடு திரும்பிவரும்.

கைத்தாளுக்கு வருவோம். ஏ4 அளவில் இரு பக்கம், எழுத்து 12 பாயிண்டுக்குக் குறையாமல், விலக்குகள் தனிக் கட்டத்தில், மருந்தளவு அட்டவணையாக. விவசாயி அதை மடித்துச் சட்டைப்பையில் வைப்பார் என்பதால், மடிப்பு விழும் நடுவரியில் எண் எதுவும் வராமல் அமையுங்கள். மூன்று சின்னங்களையும், அலுவலகத்தின் முழுப் பெயரையும், உங்கள் மேலதிகாரிகள் சேர்க்கச் சொல்லும் ஏனைய அனைத்தையும் அங்கே வைத்துக்கொள்ளலாம். மாற்றியமைத்த கோப்பை அனுப்பினால், அந்த இரண்டாவது கணினியில் திறந்து பார்த்து, எங்கே வழிகிறது என்று எழுதுகிறேன்.